ஜெசி துடைத்த சிவப்புப் புள்ளி

துடைப்பதில் ஜெசியை மிஞ்ச ராயப்பன்பட்டியில் ஆள் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பீடத்துப் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும். மறுநாள் பூசைக்கு வருகிற சாமியார் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். அழுக்கு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைப் போக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. அம்மா வியாகுலமேரிக்கு இதில் பெருமையோ பெருமை. அந்தப் பழக்கம்தான் ஒரு நாள் ஜெசியை வசமாக மாட்டிவிட்டது. ஆனால் அது அவளுக்கு அன்று இரவு வரை தெரியாது.

பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருஷம் முடித்து, கோடை விடுமுறைக்குப் பயிற்சி என்று கூடலூர்ப் பக்கம் தேவயானி மேடத்தின் பட்டறையில் சேர்ந்திருந்தாள். ஒரு காலத்தில் திராட்சைப் பெட்டிகளை அடுக்கிவைத்த குளிர்கிடங்கு அது. பழம் இருந்த இடத்தில் இப்போது உலை. லித்தியம், இட்ரியம் என்று ஃப்ளோரைடு உப்புகளை உருக்கி, அதில் நியோடைமியம் என்கிற உலோகத்தைத் துளியூண்டு கலந்து, அந்தக் குழம்பிலிருந்து மெல்ல மெல்ல மேலே இழுத்து ஒரு கல்லை வளர்ப்பார்கள். ஒரு கல் வளர வாரக்கணக்கில் ஆகும். கட்டைவிரலை விடக் கொஞ்சம் தடிமனாக, வெளிறின கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். லேசர் செய்கிற கம்பெனிக்காரர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போவார்கள்.

கலந்தது எவ்வளவு என்பது ஒரு கணக்கு. கல்லுக்குள் போய் உட்கார்ந்தது எவ்வளவு என்பது வேறு கணக்கு. நியோடைமியத்துக்குக் கல்லுக்குள் நுழையச் சோம்பல், குழம்பிலேயே கிடக்கப் பார்க்கும். ஆகவே வளர்ந்த கல்லின் தலையிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, வாலிலிருந்து ஒன்று என்று மூன்று மெல்லிய துண்டுகளை அறுத்து, மெருகேற்றி, கருவிக்குள் வைத்து, ஒரே வாக்கில் அதிர்கிற ஒளியைப் பாய்ச்சுவார்கள். துண்டு எவ்வளவு ஒளியைக் குடிக்கிறது என்று பார்த்தால், உள்ளே இருக்கிற நியோடைமியம் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடலாம்.

அன்றைக்குத்தான் அந்த வேலை முதல்முறையாக ஜெசியிடம் தனியாக வந்தது. மேடம் மதுரையில், தங்கச்சி மகள் கல்யாணத்தில் இருந்தார். ஜெசி மூன்று துண்டுகளையும் அசிட்டோன் நனைத்த தாளால் பளபளவென்று துடைத்தாள், ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தாள், கணக்குப் போட்டாள், மேடத்துக்குப் போன் செய்தாள்.

"சொல்லு ஜெசி. தலைத் துண்டு?" பின்னால் நாதஸ்வரம் கிழித்துக்கொண்டிருந்தது.

"பாயிண்ட் ஒம்பது மேடம்."

"நடு?"

"பாயிண்ட் நாலு."

"வாலு?"

"பாயிண்ட் அஞ்சு மேடம்."

மேளச் சத்தத்துக்கு மேல் மேடம் கத்தினார்.

"ஒரு சதவீதம் வேணும்னு கேட்டிருக்காக. நடுவுல பாதிகூட இல்லையே. சரி, கல்லு கெட்டுப்போச்சு. வேலுகிட்டச் சொல்லிரு, காலையில வந்ததும் உடைச்சுத் திரும்ப உலையில போட்டுறட்டும். நாளைக்கே ஏத்துனாத்தான் அடுத்த மாசமாச்சும் குடுக்க முடியும்... இந்தா வர்றேன், வர்றேன். மாப்பிள்ளை வீட்டுக்காரக கூப்பிடுறாக. வச்சிரட்டா?"

உலையைப் பார்த்துக்கொள்கிற வேல்பாண்டியிடம் ஜெசி போய்ச் சொன்னாள். அவர் கல்லைக் கையில் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "பாக்க நல்லாத்தான இருக்கு" என்றார். வெளியே போய் அடுத்தடுத்து இரண்டு டீ குடித்துவிட்டு வந்தார்.

வீட்டில் அன்று இரவு ஜோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். ஜோ ஜெசியின் அண்ணன். ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் ஜீப்பில் குமுளிக்கு ஏற்றிப்போய்ச் சாயங்காலம் இறக்குகிறவன். அன்றுதான் குமுளிக் கடையில் அந்தக் கூலிங் கிளாஸை வாங்கியிருந்தான்.

"கண்ணாடியைக் கழட்டிட்டுச் சாப்பிடுடா, குழம்பு எது ரசம் எதுன்னு தெரியாமப் போயிரும்" என்றாள் வியாகுலமேரி.

"எம்மா, உன் கையில ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டான்.

சாப்பிட்டு முடித்து அண்ணனும் தங்கச்சியும் காற்றுக்காக மொட்டை மாடிக்குப் போனார்கள். ஜோவுக்கு ஒரு மனக்குறை இருந்தது.

"ஏமாத்திட்டான் ஜெசி. இதைப் போட்டுக்கிட்டுப் போனைப் பாத்தா, நிமுத்தி வச்சா தெரியுது, படுக்க வச்சா கருப்பாயிருது. 'ஒரிஜினலாணு சேட்டா'ன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தான்."

"ஒரிஜினல்தான்ண்ணே. இது போலரைஸ்டு. ஒரு வாக்குல வர்ற வெளிச்சத்தை மட்டுந்தான் விடும். போன் வெளிச்சமும் ஒரே வாக்குலதான் வருது. ரெண்டும் குறுக்க நின்னா இருட்டு."

சொல்லிவிட்டு அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் காட்டலாம் என்று போன் உறைக்குப் பின்னால் வைத்திருந்த சில்லை எடுத்தாள். பட்டறையில் சேர்ந்த அன்று வேல்பாண்டி கொடுத்தது. ஏதோ ஒரு பழைய கல்லிலிருந்து அறுத்த துண்டின் உடைசல், நகக்கண் அளவு. போனைப் படுக்க வைத்து, அதன் மேல் சில்லை வைத்தாள்.

"இப்பப் பாருண்ணே."

ஜோ குனிந்து பார்த்தான். "அட, இருட்டுக்குள்ள கல்லு மட்டும் வெள்ளையாத் தெரியுது." விரலால் சில்லை லேசாகத் திருப்பினான். "காணோம்." இன்னும் கொஞ்சம் திருப்பினான். "வந்துருச்சு. உன் கல்லுக்கும் நம்ம அப்பாவுக்கும் ஒரே குணம் ஜெசி. ஒரு பக்கமா நின்னு கேட்டா சரிம்பாரு, சுத்திப் போயிக் கேட்டா முடியாதும்பாரு."

ஜெசி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்றாள்.

சேர்ந்த அன்று மேடம் ஆயிரம் விஷயம் சொன்னார். அதில் இதுவும் ஒன்று. இந்தக் கல் ஒரு வாக்கில் வைத்தால் ஒளியை அதிகம் குடிக்கும், குறுக்கே வைத்தால் பாதிகூடக் குடிக்காது. நம்முடைய கணக்கெல்லாம் அதிகம் குடிக்கிற வாக்குக்குத்தான். அதனால் வேலு ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சிவப்பு மார்க்கரில் ஒரு புள்ளி வைத்திருப்பார். கருவியில் வைக்கும்போது புள்ளி மேலே இருக்கணும். ஜெசி நன்றாகத் தலையாட்டியிருந்தாள்.

இன்று எந்தத் துண்டிலும் புள்ளி இல்லை.

ஓரத்தில் சிவப்பாக என்னவோ இருந்தது. பட்டறையில் மெருகேற்றுகிற பொடியும் செம்மண் நிறம்தான். பொடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாள். முதல் துடைப்பில் போகவில்லை. விடுவாளா? இன்னும் கொஞ்சம் அசிட்டோன் ஊற்றி, அழுத்தித் தேய்த்து, மூன்றையும் பித்தளைத் தண்டு மாதிரி ஆக்கிவிட்டுத்தான் கருவியில் வைத்தாள். எந்த வாக்கில் வைத்தாள்? கைக்கு வந்த வாக்கில்.

"என்னாச்சு ஜெசி?"

அவள் மாடிப்படி வாசலைப் போய் எட்டிப் பார்த்தாள். அம்மா இல்லை என்று தெரிந்ததும் சுவரோரம் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா காதில் மட்டும் இது விழக் கூடாது. 'எம் மக லேசர் செய்றா' என்று பூசை முடிந்து வருகிற அத்தனை பேரிடமும் அவள் சொல்லி வைத்திருந்தாள்.

"அண்ணே, கல்லு கெட்டுப்போகலண்ணே. நான்தான் குறுக்க வச்சிட்டேன். காலையில அதை உடைக்கப் போறாக. எனக்கு முன்னாடி கார்த்திக்ராஜ்னு ஒருத்தன் இருந்தான். ஒரு துண்டைக் கீழ போட்டு உடைச்சிட்டானாம். மறு வாரம் ஆளே இல்லையாம்."

"இப்பவே போனைப் போட்டுச் சொல்லிரு."

ஜெசி மேடத்தின் எண்ணை எடுத்தாள். மணி அடிக்குமுன் வெட்டினாள். மறுபடி எடுத்தாள், மறுபடி வெட்டினாள். ஜோ போனைப் பிடுங்கி அவனே போட்டான். ஸ்விட்ச் ஆஃப். கல்யாண வீட்டில் படுத்துவிட்டார் போல. வேல்பாண்டிக்குப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உலை அறைக்குள் போகும்போது போனை வெளியே அலமாரியில் வைக்கிறவர், அதை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

ஜெசி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்லலன்னா யாருக்கும் தெரியாதுண்ணே. கல்லும் உருகிப் போயிரும். எந்தப் பக்கம் வச்சேன்னு யாரு பாக்கப்போறா?"

ஜோ கொஞ்சம் யோசித்தான். "அதுவும் சரிதான். அப்ப போயித் தூங்கு."

அவள் எழுந்து நாலு படி இறங்கினாள். அங்கேயே நின்றாள். திரும்பி ஏறி வந்தாள்.

"காலையில ஜீப்பை எப்பண்ணே எடுப்ப?"

"விடியமுன்ன."

"இன்னும் கொஞ்சம் முன்ன எடுக்க முடியாதா?"

"அந்தப் பொம்பளைங்ககிட்ட நீ கேளு. என்னால முடியாது."

விடியலில் ஜீப் கம்பத்தைத் தாண்டும்போது உள்ளே மூச்சுவிட இடமில்லை. தூக்குவாளிகள், பிளாஸ்டிக் செருப்புகள், தலைக்குக் கட்டிய துண்டுகள், அவற்றுக்கு நடுவே எப்படியோ பெண்கள். முன்சீட்டில் ஜெசியும், அவளை ஒட்டி, அந்தப் பெண்களில் மூத்தவளான மொக்கம்மாளும். மொக்கம்மாள் ஜீப்பில் ஏறினால் அது அவளுடைய ஜீப். ஜோ வெறும் டிரைவர்.

"ஏலே ஜோ, என்னடா இன்னைக்கு இந்தப் பறப்பு பறக்குற? நாங்க முழுசாப் போய்ச் சேரணும்டா."

"அத்தே, வழியில ஒரு இடத்துல நிறுத்திட்டுப் போவோம். பாப்பாவுக்கு அவசரம்."

மொக்கம்மாள் ஜெசியின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் ஆத்தா, மூஞ்சி எல்லாம் வீங்கிக் கெடக்கு? யாரு என்ன சொன்னா?"

சொல்லவே கூடாது என்றுதான் ஜெசி நினைத்தாள். ஆனால் அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. கூடலூர் எல்லை வருவதற்குள் ஜீப் முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"அந்தக் கல்லு வைரமா?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"வைரம் இல்லக்கா. லேசர்க் கல்லு."

"கண் ஆஸ்பத்திரியில வச்சிருக்காகளே, அதா?"

"அந்த மாதிரிதான்."

"அப்ப உடைக்க விடக் கூடாது" என்றது இன்னொரு குரல். "எங்க மாமியாளுக்கு அடுத்த மாசம் ஆபரேசன்."

"உன் மாமியா ஆபரேசனுக்கும் இதுக்கும் என்னடி?"

"இருந்தாலும்."

மொக்கம்மாள் எல்லோரையும் அடக்கினாள். "யாரு உடைக்கப்போறது?"

"வேல்பாண்டின்னு ஒரு அண்ணே. உலை பாக்குறவக."

"எந்த வேல்பாண்டி? கூடலூரானா? கொஞ்சம் மூக்கு வளைஞ்சவனா?" மொக்கம்மாள் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க அண்ணன் மகன்டீ அவன். ஏலே ஜோ, அழுத்துடா."

பட்டறைக் கதவு திறந்திருந்தது. வராந்தாவில் வெள்ளைத் துணி விரித்து, நடுத் துண்டை அறுத்ததில் இரண்டாகியிருந்த கத்தரிப்பூ நிறக் கல்லின் பாதிகளை அதன் நடுவில் வைத்து, வேல்பாண்டி சுத்தியலைக் கையில் எடுத்திருந்தார். ஜெசி ஜீப்பிலிருந்து குதித்து ஓடினாள். ஓடினாளே தவிர, வாய் திறக்கவில்லை. சுத்தியல் மேலே போனது.

"ஏலே வேலு. கீழ வையிடா அதை."

வேல்பாண்டி திடுக்கிட்டுத் திரும்பினார். ஜீப் நிறையத் தலைகள். முன்னால் தன் அத்தை.

"அத்தே? நீங்க எங்க இங்கன?"

"முதல்ல அதைக் கீழ வையி. அந்தப் புள்ள என்னமோ சொல்லணும்ங்குது. கேளு."

சுத்தியல் கீழே வந்தது. எல்லோரும் ஜெசியைப் பார்த்தார்கள். இத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"அண்ணே, நீங்க வச்ச புள்ளியை நான் துடைச்சிட்டேன்."

"எந்தத் துண்டுல?"

"மூணுலயும்."

வேல்பாண்டி அவள் விரல்களைப் பார்த்தார். "அது சாமானியமாப் போகாதே பாப்பா. ஓரம் சொரசொரன்னு இருக்கும், மை உள்ள இறங்கிரும். எப்படித் துடைச்ச?"

"தேச்சேன்."

ஜீப்பிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. ஜோ ஹாரனை அடித்தான், நேரமாகிவிட்டது. புறப்படுமுன் தன் கூலிங் கிளாஸைக் கழற்றி ஜெசியிடம் நீட்டினான். "உங்க மேடம் நம்பலைன்னா காட்டு. பத்திரம். உறையோட குடுக்கணும்." ஜீப் மலைப்பாதையை நோக்கித் திரும்பியது.

வேல்பாண்டி கல்லைத் துணியோடு தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஜெசி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, கார்த்திக்ராஜ் மாதிரி என்னையும் அனுப்பிருவாகளா?"

"அவனையா? அவன் கோயமுத்தூர்ல வேலை கிடைச்சுப் போனான். போறப்ப எனக்குக்கூட பிரியாணி வாங்கிக் குடுத்தான். ஆனா மேடத்துகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்க."

மேடம் வந்தபோது பட்டுப்புடவையைக்கூட மாற்றியிருக்கவில்லை. கையில் தேங்காயும் வெற்றிலையும் போட்ட மஞ்சள் பை. "உலை ஏத்தியாச்சா வேலு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

வேல்பாண்டி ஜெசியைப் பார்த்தார். ஜெசி தரையைப் பார்த்தாள். இந்தத் தடவை அதட்டுவதற்கு மொக்கம்மாள் இல்லை.

"மேடம், கல்லு கெட்டுப்போகல. நான் துடைக்கிறப்ப புள்ளி அழிஞ்சுபோச்சு. துண்டைக் குறுக்க வச்சிட்டேன். நேத்துச் சொன்ன கணக்கு தப்பு."

மேடம் பையைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"தலையில ஒம்பது. நடுவுல நாலு. வாலுல அஞ்சு" என்று மேடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். "குழம்புல மிச்சம் கிடக்குறது சேந்து, வாலுப் பக்கம் போகப் போக ஏறத்தான செய்யணும் வேலு? நம்ம உலையில வந்த எந்தக் கல்லாவது நடுவுல போயிப் பாதியாக் குறைஞ்சிருக்கா? மேளச் சத்தத்துல நான் பாட்டுக்கு உடைன்னு சொல்லிட்டேன். ரெண்டாவது எண்ணைக் கேட்டவுடனே எனக்கு உறைச்சிருக்க வேணாமா?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரக கூப்பிட்டாகள்ல மேடம்" என்றாள் ஜெசி, தன்னை அறியாமல்.

மேடம் அவளைப் பார்த்தார். "அதையும் கேட்டியா? சரி, புள்ளி இல்லன்னு எப்பத் தெரிஞ்சது?"

ஜெசி கூலிங் கிளாஸை எடுத்துக் காட்டி, மாடியில் நடந்ததைச் சொன்னாள். மேடம் மறுபேச்சில்லாமல் அதை வாங்கி மாட்டிக்கொண்டார். பட்டுப்புடவை, தலையில் வாடின மல்லிகை, கண்ணில் ஜோவின் கறுப்புக் கண்ணாடி. போனைப் படுக்க வைத்து, நடுத் துண்டை அதன் மேல் வைத்துத் திருப்பினார். "இருக்கு... இருக்கு... காணோம். அட. இதைச் செய்ய நான் பெரிய பெட்டியில்ல வாங்கி வச்சிருக்கேன்."

துண்டு காணாமல் போகிற வாக்கு இரண்டு உண்டு, ஒன்றுக்கொன்று குறுக்கே. ஒவ்வொரு துண்டையும் இரண்டு வாக்கிலும் கருவியில் வைத்துப் பார்த்து, எதில் அதிகம் குடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வைத்தது ஜெசி. மேடம் பின்னால் நின்று பார்த்தார். வேல்பாண்டி வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எங்கேயும் போகாமல் கதவோரம் நின்றார்.

தலைத் துண்டு, பாயிண்ட் ஒன்பது. நேற்று அது மட்டும் அதிர்ஷ்டத்துக்குச் சரியாக உட்கார்ந்திருக்கிறது. நடுத் துண்டு, ஒன்று. ஜெசி வால் துண்டை வைக்குமுன் கையுறையை மாற்றிக்கொண்டாள். ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே.

"ஏறுது மேடம்."

"ஏறாம? வாலுப் பக்கம் கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு. அதை வெட்டி வச்சுக்குவோம். மத்ததை நாளைக்கே அனுப்பிரலாம்." மேடம் மூச்சை விட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "இங்க பாரு ஜெசி. புள்ளியைத் துடைச்சதுக்குத் திட்டு பாக்கி இருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல எனக்கு. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து நிதானமாத் திட்டுறேன்."

"சரி மேடம்."

"வேலு, இனிமே மார்க்கர் வேணாம். துண்டு ஓரத்துல ஒரு மூலையைச் சீவி விட்டுருங்க. சீவினதை இவ துடைக்க முடியாதுல்ல."

"இவளைச் சொல்ல முடியாது மேடம்" என்றார் வேல்பாண்டி.

மத்தியானம் மேடம் திட்டினார். நிதானமாகத்தான் திட்டினார். ஆனால் கண்ணாடியைக் கழற்றாமலேயே திட்டினதால் ஜெசிக்குச் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

சாயங்காலம் பட்டறை வாசலில் ஹாரன் அடித்தது. ஜீப் நிற்குமுன்பே மொக்கம்மாள் தலையை நீட்டினாள். நாள் முழுக்கக் கண்ணாடி இல்லாமல் வெயிலில் ஓட்டிய ஜோவுக்குக் கண் சிவந்திருந்தது.

"கல்லு என்னாச்சு ஆத்தா?"

"நல்லாருக்குத்தே. நாளைக்கு அனுப்புறாக."

ஜீப்புக்குள் ஒரே சந்தோஷம். "எங்க கங்காணிகிட்ட, லேட்டானதுக்குக் கல்லைக் காப்பாத்தப் போனோம்னு சொன்னோம். நம்புவேனாங்கிறான். கொஞ்சம் காட்டு, நாங்களாச்சும் பாத்துக்கிறோம்."

பெரிய கல் பூட்டுக்குள் இருந்தது. ஜெசி தன் சில்லை எடுத்துப் போனின் மேல் வைத்து, கண்ணாடியை மொக்கம்மாளிடம் கொடுத்தாள். அவள் அதை மூக்கில் ஏற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் குனிந்தாள். ஏலக்காய் மணக்கிற விரலால் சில்லைத் திருப்பினாள். தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

"இம்புட்டூண்டுக்கா அந்த அழுகை அழுத?" என்றாள். பின்னால் கை நீட்டியவளைத் தட்டிவிட்டாள். "இருடி. நான் இன்னும் பாத்து முடிக்கல."

"அத்தே, பாத்துட்டுக் கண்ணாடியை உறையில போட்டுக் குடுங்க" என்றான் ஜோ. "ஜெசிகிட்ட மட்டும் குடுத்துறாதீக. துடைச்சு வச்சிருவா."